நிமிர்ந்து பார்த்த கட்டைவிரல்

மாசிலாமணியின் செல்போனுக்குள் 'சபாஷ்' சொல்லும் கட்டைவிரல் பொம்மைகள் நிறவாரியாக நின்றன. வரிசையில் முதலில் வெளுத்தவள், கடைசியில் கறுத்தவள். அவர் எப்போதும் அனுப்புவது வெளுத்தவளைத்தான். அதனால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அன்று வார்டு வாட்ஸப் குரூப்புக்குப் போய்விட்டுக் குஷியாகத் திரும்பினாள்.

"யாருக்குக்கா சபாஷ்?" என்று கேட்டாள் கறுத்தவள்.

"எலெக்‌ஷன்ல நிக்கிற ஒரு பொண்ணு போட்டோவைப் போட்டு, 'இந்தக் கரிக்கட்டையா நமக்குத் தலைவி? இதுக்கு வெள்ளைக்காரனே இருந்திருக்கலாம்'னு ஒருத்தன் எழுதியிருந்தான். ஒரே சிரிப்பு!"

"நம்ம மாசிலாமணி என்ன நிறம்?" என்றாள் கறுத்தவள்.

"இதென்ன கேள்வி? என்னைத்தானே அனுப்புறார். என் நிறம்தான்."

"பார்த்திருக்கியாக்கா?"

பார்த்ததில்லை. தொட்டதும் துள்ளிக்கொண்டு ஓடுகிறவளுக்கு, தொட்டது யாரென்று பார்க்க நேரம் ஏது?

மறுநாள் அதே பெண்ணைப் பற்றி இன்னொரு கேலி வந்தது. மாசிலாமணியின் விரல் கண்ணாடியை நோக்கி இறங்கியது. வெளுத்தவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். இறங்கி வந்த விரல், வரிசைக் கடைசியில் நின்ற தங்கச்சியின் நிறமாகவே இருந்தது.

அவள் நகரவில்லை. அவர் மறுபடியும் அழுத்தினார்.

"நான் போகமாட்டேன்" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை.

"சே! நம்ம ஊர்ல செஞ்ச போன் வேற எப்படி இருக்கும்?" என்று அலுத்துக்கொண்ட மாசிலாமணி, தன் கறுத்த கட்டைவிரலால் கண்ணாடியை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.