யமீலா நிறுத்திய மேளம்

"இப்பல்லாம் எவனுக்கும் கை வலிக்கக் கூடாது. ஆனா மேளக்காரன்னு பேரு மட்டும் வேணும்!" என்று எரிந்து விழுந்தார் வில்மர். மொந்தேவீதேயோ நகரில் திருவிழா ஊர்வலத்துக்கு ஒத்திகை. மேளக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

சக்கர நாற்காலியில் யமீலா. கைகால் அசையாது. எதிரேயுள்ள திரையில் அவள் கண் படும் ஒவ்வொரு முறையும் மெஷின் மேளத்தில் ஓர் அடி விழும்.

"அவளும் ஊர்வலத்துல வரட்டும் அண்ணே," என்றாள் அவள் அம்மா கிரசியேலா.

"மெஷின் அது பாட்டுக்கு வாசிக்குது. பாப்பா சும்மா பாத்துக்கிட்டிருக்கு. எங்கூட ஒரு சுத்து வாசிக்கட்டும், பேசலாம்."

வாசித்தார்கள். பாதியில் யமீலாவின் மேளம் நின்றுபோனது.

வில்மர் விழுந்து விழுந்து சிரித்தார். "மெஷின் படுத்திருச்சு பாத்தியா! நடுத்தெருவுல இப்படி நின்னா எவன் தள்ளுறது?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு தாத்தா. நான்தான் நிறுத்தினேன்," என்றாள் யமீலா. "உங்க மேளத்துத் தோல் தொளதொளன்னு ஆயிடுச்சு. ஒரு மேளம் தளர்ந்தா எல்லாரும் நிறுத்தணும்னு எங்க ஜன்னலுக்குக் கீழ நீங்கதானே கத்துவீங்க? போய் நெருப்புல காய்ச்சிட்டு வாங்க."

குழுவே சிரித்தது. வில்மர் தோலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கியது.

மேளத்தைத் தூக்கிக்கொண்டு, தோல் காய்ச்சத் தெருமுனையில் மூட்டியிருந்த நெருப்பை நோக்கி நடந்தார்.

"அவ வரட்டும். ஆனா காய்ச்சவே வேண்டாத மேளமெல்லாம் ஒரு மேளமா?"