மேலயா, கீழயா

இரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது.

பாப்பம்மா தட்டிக் கதவின் கயிற்றை அவிழ்த்து உள்ளே கை காட்டினாள். லைன் என்கிற அந்தக் கூலிக்காரர் குடிசை வரிசையில் காலியாகும் வீடுகளுக்கு ஆள் வைப்பது அவள் பொறுப்பு.

ஒரே அறை. மூங்கில் தட்டிச் சுவர், மேலே புல். மூலையில் யாரோ விட்டுப்போன அடுப்புக்கற்கள்.

கெங்கம்மா நேராகப் போய் அந்தக் கற்களின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கோதண்டன் வாசலிலேயே நின்றான்.

விடியற்காலையிலிருந்து நடக்கிறார்கள். கடைத்தெருவில் வாடகை கைக்கு எட்டவில்லை. எட்டிய இடங்களில் வீட்டைக் காட்டும் முன்பே கேட்டார்கள், எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று.

ஊர் ஒன்றுதான். குடியாத்தத்துப் பக்கம். தெருதான் வேறு. அவன் மேலத்தெரு. அவள் ஓடைக்கு அப்பால், சேரி.

அவன் கட்டிய மஞ்சள் கயிறு அவள் கழுத்தில் இன்னும் சாயம் விட்டுக்கொண்டிருந்தது.

தெருவைக் கேட்டால் என்ன சொல்வது என்று ரயிலில் சண்டை. உன் தெருவையே என் தெரு என்று சொல்லிவிடுகிறேன் என்றான் அவன். அவள் ஒப்பவில்லை. உங்கள் அம்மா பேரை ஏன் கெடுக்க வேண்டும், நான் உங்கள் தெருக்காரி என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பவுரிங்பேட்டையில் வண்டி மாறியபோதும் சண்டை முடியவில்லை. அதன் பிறகு பசி வந்துவிட்டது.

"பூட்டு இல்லியா?" என்றான் கோதண்டன்.

"பூட்டா? தட்டியக் கத்தியால கீறினா வீடே தொறந்துக்கும். பூட்டு இன்னாத்துக்கு?" பாப்பம்மா சிரித்தாள். "புது ஆளு எவனாச்சும் தலை காட்டினா போதும், லைனு பூரா வந்து நிக்கும். பின்னால பாரு."

திரும்பினான். ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி கையில் உலக்கை. அவனைத் தலையிலிருந்து கால்வரை கூச்சமில்லாமல் பார்த்தார்கள்.

அவனுக்கு ஊரில் இருக்கும் தன் அண்ணன்களின் நினைவு வந்தது. தேடிக்கொண்டு வந்தால் இவர்களைத் தாண்டித்தான் வரவேண்டும்.

வீடு அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

பாப்பம்மா சொன்ன வாடகையும் குறைவு. கெங்கம்மா மூட்டையை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள்.

"இரும்மா. ஒண்ணு கேக்கணும்." பாப்பம்மா வாசலை மறித்தாற்போல் நின்றாள். "மறைக்காம சொல்லுங்க. குடி வந்தப்பறம் தெரிஞ்சா பக்கத்து வீட்டோட தகராறு. நீங்க மேலயா, கீழயா?"

பின்னால் நின்ற பெண்கள் ஓர் அடி நெருங்கி வந்தார்கள்.

கெங்கம்மாவின் கை முடிச்சிலேயே நின்றது.

"கீழ," என்றான் கோதண்டன்.

"மேல," என்றாள் கெங்கம்மா.

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அவள் பதிலை அவனும் அவன் பதிலை அவளும் சொல்லியிருந்தார்கள்.

அவன் அவளை முறைத்தான். அவள் அதைவிட அதிகமாக முறைத்தாள். பிறகு, இந்த வீடும் போயிற்று என்று, அவன் குனிந்து மூட்டையைத் தூக்கப் போனான்.

"அப்டிப் போடு," என்றாள் பாப்பம்மா. "புருஷன் கீழ, பொண்டாட்டி மேல. இந்த லைனே அப்டித்தான்."

குனிந்தவன் நிமிரவில்லை. கெங்கம்மாதான் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாக்கா சொல்றீங்க?"

"இன்னா சொல்றாங்க? மேலன்னா மேல, வெளியில ஒக்காந்து கல்லு பொறுக்குற வேலை. கீழன்னா சுரங்கத்துக்குள்ள. வேலைக்குத்தான வந்தீங்க?" பதிலுக்குக் காத்திராமல் அவள் வெளியே திரும்பிக் கத்தினாள். "தாயம்மா! உன் உரல அந்தாண்ட உருட்டு. இவுரு கீழ போறவரு. ராத்திரி ஷிப்டு முடிச்சிட்டு வந்து பகல்ல தூங்குவாரு."

"வந்ததும் வராததுமா எனக்கு வேலை வெச்சிட்டாரு மாப்ள," என்றாள் உலக்கைக்காரி. "நல்லா தூங்கட்டும். கொறட்ட சத்தம் கேட்டா மட்டும் உரலு இங்கயே திரும்பி வந்துரும்."

பெண்கள் சிரித்தார்கள். தாயம்மா போனாள். தட்டிக்கு அப்பால் உரல் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டது.

கெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. மூட்டையை அவள் பக்கமே தள்ளிவிட்டான்.

வேலைக்குத்தான் வந்தான். என்ன வேலை என்று யோசித்திருக்கவில்லை. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கம் புகைபோக்கியும் பெரிய சக்கரமும் தெரிந்தன. மண்ணுக்குள் மனிதர்கள் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி.

அவன் முகம் வெளுத்திருப்பதைப் பாப்பம்மா பார்த்தாள். அருகில் வந்தாள். இப்போது குரலில் கேலி இல்லை.

"தம்பி, கீழ எறங்கறது இதான் மொத தடவயா?"