அந்தோணியாருக்கு இரண்டு நாள் கெடு

கீரமங்கலம் முந்திரி பேக்டரிக்குள் முத்துராமன் நுழைந்தபோது அவன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு கடிகாரம் தொங்கியது. பொத்தானை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். சென்னையில் அவன் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்து அனுப்பிய சுவிட்சர்லாந்துச் சரக்கு.

அது 1961. ஒரு வேலைக்கு எத்தனை விநாடி பிடிக்கிறது என்று அளந்து, ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு செய்யலாம் என்று சொல்வதுதான் அவன் ஆராய்ச்சி. இதுதான் முதல் தடவை. சொதப்பினால் வேலை நிரந்தரமாகாது.

முதலாளி பழனிச்சாமி சுற்றி வளைக்காமல் சொன்னார். "இப்ப ஒருத்தி நாளைக்குப் பதினாறு படி கொட்டை ஒடைக்கிறா. இருபது ஒடைக்கலாம்னு எனக்குப் படுது. நீங்க அளந்து சொல்லுங்க. முடியாதவளுக வீட்டப் பாக்கப் போகட்டும்."

கொட்டகையில் இருந்த அறுபது பெண்கள் காதிலும் அது விழுந்தது. வியாகுலமேரி சும்மா இருப்பாளா? கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்துபோனவள். பதினாறு படிக்கே முக்கி முனகுகிறவள்.

"சாரு, அந்தக் கடியாரத்தப் பத்திரமா வச்சுக்கங்க. வயித்துல அடிக்கிற சாமான் ரொம்ப நாளு நெலைக்காது!"

கொட்டகை கொல்லென்று சிரித்தது. மேஸ்திரி லூர்துநாதன்தான் அதட்டி அடக்கினார். முதலாளிக்கு அவர் வலது கை. அவர் இருமினாலே கொட்டகை அமைதியாகிவிடும்.

காலை முழுவதும் முத்துராமன், யார் எங்கே உட்கார்கிறார்கள், கூடை எந்த வழியாக வருகிறது என்று படம் வரைந்தான். கயிறு தாளில் உரசியதால் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பினால் மேசை இருக்கிறது, கடிகாரத்தைக் காணோம்.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேஸ்திரி வாசலை மறித்து நின்று, ஒவ்வொரு கூடையையும் தூக்குச்சட்டியையும் தானே கவிழ்த்துப் பார்த்தார். கைக்குப் பூசிக்கொள்ளும் சாம்பல்தான் கொட்டியது. முதலாளி போலீஸைக் கூப்பிடச் சொன்னார்.

"போலீசு வந்தா வேலை நின்னுபோகும், மொதலாளி. தொலைஞ்சதக் கண்டுபிடிச்சுக் குடுக்குறதுக்குன்னே நம்ம அந்தோணியாரு இருக்காரு. ஆலங்குடி போயி நல்ல மெழுகுவத்தியா வாங்கியாரேன்" என்று மேஸ்திரி சைக்கிளை எடுத்தார்.

பேக்டரி முற்றத்துப் புளியமரத்தடியில் புனித அந்தோணியாரின் சிலை, அவர்கள் பேச்சில் சுரூபம், ஒன்று உண்டு. ஆவூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் வைத்தது. கொட்டை உடைக்கும் மூக்காயி மாதிரி இந்துப் பெண்களும் போகிற போக்கில் அதற்குப் பூ வைப்பார்கள். அன்று செவ்வாய்க்கிழமை வேறு, அந்தோணியாருக்கு உகந்த நாள். பொழுது சாயும் நேரம் மேஸ்திரி, முழங்கை நீள மெழுகுவத்தியை ஏற்றி உரக்கச் சொன்னார்.

"எடுத்தது யாரா இருந்தாலும் சரி, வியாழக்கெழமை சாயங்காலத்துக்குள்ள இங்கின கொண்டாந்து வச்சிரணும். இல்லாட்டி எடுத்த கை வெளங்காமப் போகணும்!"

"அதென்ன ரெண்டு நாளு? கோடி அற்புதராச்சே, இன்னைக்கே தரமாட்டாரா?" என்று கேட்டாள் மூக்காயி.

"அவருக்கு நம்ம வேலை ஒண்ணுதானா? ஊரு பூராவும் எதையாச்சும் தொலைச்சுப்புட்டு நிக்கிது!"

முத்துராமன் இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. நிலையத்துக்கு எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை மனசுக்குள்ளேயே நாலு தடவை எழுதிப் பார்த்தான். வியாழக்கிழமை காலை மெழுகுவத்தி தீர்ந்துபோக, மேஸ்திரி மறுபடி ஆலங்குடிக்குச் சைக்கிள் மிதித்தார். முத்துராமனுக்கு அந்த மனிதர்மேல் பாசமே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மணி அடித்ததும் முற்றத்திலிருந்து ஒரு கூச்சல்.

"சாரு! ஓடியாங்க! அந்தோணியாரு காலடியில கெடக்கு!"

கூவியது வியாகுலமேரி. முத்துராமனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காணாமல் போகும் என்று சொன்னவளும் அவள், கண்டெடுத்தவளும் அவள். சாபத்துக்குப் பயந்து வைத்திருக்கிறாள்! மேஸ்திரியைத் தனியே அழைத்துச் சொன்னான்.

"விட்ருங்க சார். அந்தோணியாரே மன்னிச்சுட்டாரு, நாம யாரு?" என்றார் மேஸ்திரி. முத்துராமனும் பெருந்தன்மையாக மன்னித்தான்.

வெள்ளியும் சனியும் அளந்தான். அளக்கும்போது வேலைக்காரர்கள் வேண்டுமென்றே இழுத்தடிப்பார்கள் என்று நிலையத்தில் எச்சரித்திருந்தார்கள். இங்கே மேஸ்திரியே, "ஒருத்தியும் மெத்தனமா இருக்கக் கூடாது. முழு வேகத்துல ஒடைங்க!" என்று முதுகுக்குப் பின்னால் நின்று விரட்டினார். சுத்தியல்கள் பறந்தன.

கணக்கு, நாளைக்குச் சரியாகப் பதினாறு படி என்று வந்தது. அதற்கு மேல் மனுஷியால் முடியாது. முதலாளியின் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் சுவிட்சர்லாந்துக் கடிகாரத்தோடு யார் வாதாடுவது? முத்துராமன் கையெழுத்துப் போட்ட அறிக்கை பேக்டரிச் சுவரில் ஏறியது, நகல் சென்னைக்குத் தபாலில் போயிற்று. ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. வியாகுலமேரி அவனுக்கு ஒரு பொட்டலம் வறுத்த முந்திரி கொடுத்து அனுப்பினாள்.

திங்கள்கிழமை ஆலங்குடியில் பஸ் மாறும்போது கடிகாரம் கை தவறி விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆத்மநாதன் என்பவரின் கடிகாரக் கடை. கடிகாரத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்தது.

"அட, இது போன வாரம் நம்ம கை பட்ட சாமானாச்சே! முந்திரி பேக்டரி ஆளுங்களா நீங்க?"

"இதை யார் கொண்டுவந்தது?" என்றான் முத்துராமன்.

"ஒங்க மேஸ்திரிதாங்க. ஓடாததை ஓட வைக்கச் சொல்லித்தான் வருவாங்க. நல்லா ஓடுறதை வெரசா ஓட வைக்கச் சொன்னவரு இவரு ஒருத்தருதான். நிமிசத்துக்குப் பதினஞ்சு விநாடி கூட ஓடணுமாம். நாப்பத்தெட்டு விநாடியில முடியுற வேலைக்கு முழு நிமிசம்னு காட்டணுமாம். உள்ள இருக்குற சுருளை வெட்டி ஒக்கார வைக்க முழுசா ரெண்டு நாளு ஆகும்னேன்."

ஆத்மநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"'ஆகட்டும், அந்தோணியாருக்கும் அதே கெடுவைச் சொல்லிர்றேன்'னுட்டு, மெழுகுவத்தி வாங்கப் போனாரு."