கழற்ற வேண்டியது

"ஏசி! டிராக் ரேஸுக்கு வந்த வண்டியில ஏசி! இதைக்கூடக் கழட்டாம காலையிலேர்ந்து என்னத்தைய்யா கிழிச்சே?"

ஹெல்மெட்டைக் கழற்றி பானெட்டின் மேல் 'டொக்' என்று வைத்துவிட்டுக் கத்தினார் அவர். மெக்கானிக் ஷெட்டில் அவருக்கு 'சயின்டிஸ்ட்' என்று பெயர். அவருக்குத் தெரியாமல் வைத்த பெயர்தான். தெரிந்திருந்தாலும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருப்பார்.

முதல் ஓட்டம் பதினாறே முக்கால் வினாடி. நானூறு மீட்டரைப் பதினாறு வினாடிக்குள் கடந்தால், பெரிய பந்தயக் குழு ஒன்றில் ஒரு வருடத்துக்கு ஓட்டுநர் வேலை. வண்டிக்கு நாலே ஓட்டம். அந்த வேலை தங்கள் வீட்டுக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, லீவு போட்டு வந்திருந்தார் சயின்டிஸ்ட்.

ஓட்டுபவரோடு இன்னொருவர் உட்காரத் தடையில்லை, ஹெல்மெட் மட்டும் கட்டாயம் என்பது அங்கே விதி. அதனால் புருஷன் பெண்டாட்டி இருவருமே ஏறியிருந்தார்கள்.

"ஏசி ஆஃப்லதானே இருந்துச்சு சார்..." என்றார் மெக்கானிக்.

"ஆஃப்ல இருந்தா? பெல்ட்டும் புல்லியும் சுத்திக்கிட்டேதானே இருக்கு? அதைச் சுத்துறது யாரு, உன் மாமனாரா? எஞ்சின்யா! அது பாடுபட்டுச் சம்பாதிக்கிறதுல சக்கரத்துக்குப் போறது கொஞ்சம், சும்மா உட்கார்ந்து திங்கிறதுக்குப் போறது மிச்சம்!"

மனைவி பக்கத்தில் வந்து எஞ்சினை எட்டிப் பார்த்தாள்.

"உனக்கு இதுல என்ன புரியப்போகுது? முதல்ல அந்தக் கைப்பையை வெளியே வை. ஒரு கிலோ இருக்கும்."

அவள் பையை எடுத்து வெளியே வைத்தாள். ஏசி கம்ப்ரசரும் அதன் பெல்ட்டும் தரைக்கு வந்தன. சயின்டிஸ்டின் விரல் அடுத்து பவர் ஸ்டியரிங் பம்பைக் காட்டியது.

மெக்கானிக் தயங்கினார். "இதைக் கழட்டினா ஸ்டியரிங் கல்லாயிடும் சார். ஓடி முடிச்சு வண்டியைத் திருப்புறதுக்குள்ள கை விட்டுப்போயிடும்."

"போனா போகட்டும்யா! ரெண்டு கை எதுக்கு இருக்கு? கழட்டு!"

இரண்டாவது ஓட்டம் பதினாறு புள்ளி நாலு.

சயின்டிஸ்டுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் கூலிங் கிளாஸ் ஆசாமி ஒருவர் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் பெரிய இறக்கை, அடியில் நீல விளக்கு வரிசை. சயின்டிஸ்ட் உதட்டைப் பிதுக்கினார்.

"பாரு, கூத்தை! கண்டதையும் ஒட்டினா பறந்துடும்னு நினைப்பு. கல்யாண ஊர்வலத்துக்குப் போக வேண்டிய வண்டி வழி தெரியாம இங்க வந்துடுச்சு."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். மனைவி மணிக்கட்டைத் தேய்த்து விட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"உன்கிட்டப் போய் ஜோக் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அடுத்து ஆல்டர்னேட்டர். அது இல்லாவிட்டால் பேட்டரி சார்ஜ் ஆகாதே என்று மெக்கானிக் இழுத்தார். "இருக்கிற சார்ஜ் ரெண்டு ஓட்டத்துக்குத் தாராளம். ரேஸுக்கு வந்தோமா, ஊர் சுத்த வந்தோமா?" என்று ஒரே அதட்டு. பெல்ட்டில் சுற்றிய காற்றாடியும் கழன்றது. கூடவே ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட்டு, கால் மிதியடிகள். தார்ப்பாயில் ஒரு பழைய இரும்புக் கடையே விரிந்துவிட்டது.

மூன்றாவது ஓட்டம் பதினாறு புள்ளி ஒன்று.

"ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவனை எல்லாம் மெக்கானிக்னு கூட்டிட்டு வந்தா இப்படித்தான்!" என்று குதித்தார் சயின்டிஸ்ட்.

மெக்கானிக் கந்தல் துணியில் கையைத் துடைத்தார். "இனிமே கழட்ட ஒண்ணும் இல்ல சார். எஞ்சினும் நாலு சக்கரமும்தான் மிச்சம்." மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு அப்படியே விழுங்கிக்கொண்டார்.

சயின்டிஸ்டின் பார்வையும் மனைவி பக்கம் திரும்பியது. மேலும் கீழும் பார்த்தார்.

"காலையில நீ என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் சாப்பிடல. நீங்கதானே வேண்டாம்னீங்க."

"தண்ணி குடிச்சிருப்பே."

அவள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கடைசி ஓட்டத்துக்கு ஒலிபெருக்கியில் காரின் எண்ணைக் கூப்பிட்டார்கள். இருவரும் ஏறினார்கள். சயின்டிஸ்ட் ஹெல்மெட்டை மாட்டி, சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டார். "இந்தத் தடவையும் கோட்டை விட்டா, ஆபீஸ்ல தலை காட்ட முடியாது. எல்லாவனும் சிரிப்பான்" என்று முனகினார்.

புறப்படும் கோட்டுக்குப் பத்தடி முன்னால் கார் வரிசையில் நின்றது. சிக்னல் விளக்குக் கம்பத்தில் இன்னும் ஒரு விளக்கும் எரியவில்லை.

மனைவி கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, நேரே ஓடுபாதையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இன்னும் எழுபத்தெட்டு கிலோ மிச்சமிருக்கு. எறங்குங்க."