ஆற்றல் மாறா விதியும் மதுமதியின் மூக்கும்

"சுவரோட ஒட்டி நில்லு, மதுமதி. தலையை மட்டும் அசைச்சிராத," என்றார் இயற்பியல் பேராசிரியர் குமரகுருபரன், கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே. கரும்பலகையைத் தொடாமல் அவர் நடத்தும் முதல் பாடம் அது.

பேட்டைப் பட்டறையில் வார்த்த இரும்புக் குண்டு கூரையிலிருந்து கம்பியில் தொங்கியது. அதை அவர் இழுத்துவந்து அவள் மூக்கோடு ஒட்டிப் பிடிப்பதற்குள் மதுமதி கண்களை இறுக மூடிவிட்டாள்.

"நெல்லையப்பா," என்று முனகினாள்.

"இங்கன சாமி எதுக்கு? விதியை நம்பு. தள்ளாம விட்டா, குண்டு புறப்பட்ட இடத்தைத் தாண்டி வராது."

விட்டார். போன குண்டு திரும்பி வரும் காற்று முகத்தில் அடித்தது. எதுவும் மோதவில்லை. வகுப்பு கைதட்டியது.

தோழி வேணிதான் ஓடிவந்து அலறினாள். "ஏட்டி, மூக்குல ரத்தம்."

மதுமதி தொட்டுப் பார்த்தாள். வலியில்லை. விரலில் ஒட்டியது குங்குமம்.

பேராசிரியர் பிடித்து நிறுத்திய குண்டில், அவள் மூக்கு பட்ட இடத்தில், பெரிய பொட்டு கலைந்திருந்தது.

"யாரு சார் இதுக்குப் பொட்டு வச்சது?"

குமரகுருபரன் சிவந்துபோன கைக்குட்டையை அவசரமாகப் பைக்குள் திணித்தார்.