பல்லியே சொல்லிடுச்சு

பெரிய பட்டணத்தில் ஒரு பொம்மைக்கடை. வாசலைக் குகை மாதிரி கட்டி, உள்ளே அட்டை மரம், அட்டை நிலா எல்லாம் வைத்து, கதைப்புத்தகத்துக்குள் நுழைந்தாற்போல ஜோடித்திருந்தார்கள். அந்தக் காட்டுக்கு ராஜா, பஞ்சு அடைத்த ஒரு சிங்கம்.

விளக்கடிப் பூச்சிக்கு ஆசைப்பட்டு ஒரு பல்லி உள்ளே வந்து சேர்ந்தது. அந்நேரம் சிங்கம், "நேத்து ஒரே அறையில ஏழு யானையைச் சாய்ச்சேன்" என்று அளந்துகொண்டிருந்தது. பல்லிக்குத் தொண்டை கரகரத்தது. "ச்சு... ச்சு" என்றது.

"பல்லியே சொல்லிடுச்சு! அப்போ நிஜந்தான்!" என்று பொம்மைகளெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டன.

சிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மந்திரியாரே, இனிமே என் பின்னாலேயே இரும். பூச்சியெல்லாம் உமக்குத்தான். நான் பேசி முடிச்சதும் ஒரு சொல் சொன்னா போதும்."

பல்லிக்குக் கசக்குமா? சிங்கம் வாயை மூடுமுன்னே சொல்லிவிடும். வயிறும் நன்றாக உருண்டு திரண்டது.

ஒருநாள் கடைக்கார அம்மாள் துடைப்பத்தோடு சிங்கத்தின் முன்னால் வந்து நின்றாள். "பல்லி நடமாடுதுன்னு வர்றவங்கள்லாம் முகம் சுளிக்கிறாங்க. எங்கேடா அது?"

மந்திரியைக் காப்பாற்றச் சிங்கம் நெஞ்சை நிமிர்த்தியது. "சத்தியமாச் சொல்றேன் தாயே, இந்தக் கடையில பல்லியே கிடையாது!"

பின்னாலிருந்து பல்லி பணிவோடு, "ச்சு... ச்சு" என்றது.