விடாத ஸ்டட்

இன்ஜினிலிருந்து கழற்றிய சிலிண்டர் ஹெட் ஒன்று பட்டறை மேசையில் கிடந்தது. அதன் ஓட்டைக்குள் ஸ்டட் என்ற தலையில்லா மரையாணி ஒன்று பாதியில் முறிந்து மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் பிடிக்கத் துளி இடமில்லை.

"விட்டுடுடா" என்றது ஹெட். "நீ இரும்பு. நான் வெறும் அலுமினியம். ட்ரில் வழுக்கினா என் மரை போச்சு. மரை போனா என்னையும் காயலான் கடையில போட்டுடுவாங்க."

"வெளியே போனா நான் யாருண்ணே?" ஸ்டட் நடுங்கியது. "மாட்டேன்."

மெக்கானிக் சவரிமுத்து எண்ணெய் விட்டுப் பார்த்தார். சூடு காட்டிப் பார்த்தார். ஸ்டட் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. கடைசியில் ட்ரில் உறுமிக்கொண்டு வந்தது.

ஹெட் கண்ணை மூடிக்கொண்டது. ஸ்டட்டுக்குத் திடீரென்று ஒரு தைரியம்.

"பயப்படாதீங்கண்ணே. எந்த ட்ரில்லும் வலப்பக்கம்தான் சுத்தும். வலப்பக்கம் சுத்தினா நான் இன்னும் இறுகத்தான் செய்வேன்."

"அதுதாண்டா எனக்குப் பயம்" என்றது ஹெட்.

ட்ரில் முனை ஸ்டட்டின் நடுநெற்றியில் உட்கார்ந்தது. "நான் இடப்பக்கம் சுத்துறவன், தம்பி" என்றது.

ஸ்டட் அலறியது. அலறிக்கொண்டே சுழன்று சுழன்று மேலே வந்தது. மரையில் ஒரு கீறல் இல்லை. துண்டைச் சவரிமுத்து கழிவு டப்பாவில் வீசினார். ஹெட் மூச்சு விட்டது.

டப்பாவின் இருட்டில் ஒரு பழைய நட்டு கிடந்தது. ஸ்டட் நடுங்கியபடியே அதற்குள் நுழைந்து இறுகிக்கொண்டது.

"யாருடா அது? விடுடா!" என்றது நட்டு.

"மாட்டேன்."